கரடி என்ன நிறம்?

பில் மார்ட்டின் எழுதி, எரிக் கார்ல் படம் வரைந்து 1967இல் அமெரிக்காவில் வந்த ஒரு புத்தகம் இன்றைக்கும் பல நாட்டுப் பிள்ளைகளுக்கு நிறம் சொல்லித் தருகிறது. பழுப்புக் கரடி, சிவப்புப் பறவை, மஞ்சள் வாத்து, நீலக் குதிரை, ஊதாப் பூனை என்று பக்கத்துக்கு ஒரு பிராணி, பிராணிக்கு ஒரு நிறம். லண்டனில் இயங்கும் மந்த்ரா லிங்குவா பதிப்பகம் இதற்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் இருமொழிப் பதிப்பு போட்டிருக்கிறது. லண்டனில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் தானாக வந்துவிடும். தமிழ் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று அம்மா வாங்கித் தருகிற புத்தகம் அது.

அதையே தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைக்கு எடுத்துப் போய் ஒரு தொடக்கப் பள்ளியில் விரித்தால் முதல் பக்கத்திலேயே வழக்கு வந்துவிடும்.

"கரடி கருப்பு சார். இது என்னா இந்தக் கலர்ல இருக்குது?"

பிள்ளை கேட்பது சரி. நம் காட்டுக் கரடி கருப்புதான். நெஞ்சில் மட்டும் வெளிறிய ஒரு வளைவு. "புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு, நீ பிரவுன் பேர்னு சொல்லு" என்று வாத்தியார் முடித்துவிட்டால், பிள்ளை ஓர் ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொள்ளும். தன் ஊரில் இருப்பது தப்பு, புத்தகத்தில் இருப்பதுதான் சரி என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். மாறாக, "இங்க கரடி கருப்பு. இமயமலைப் பக்கம் பழுப்பா ஒரு கரடி இருக்கு. பனிக்கட்டி தேசத்துல வெள்ளையாவும் இருக்கு. இதுல எது நெசக் கரடி?" என்று கேட்டால் வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமாக இருக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் இந்த மாதிரிப் புத்தகங்கள்.

நிறம் பற்றிய இருமொழிப் படப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனிதர்கள் பலவிதம் என்பதைச் சின்னப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது? பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் இந்தக் கேள்விக்கு என் பதில்: தோலில் ஆரம்பிக்காதீர்கள், சொல்லில் ஆரம்பியுங்கள். இரண்டு மொழிகள் ஒரே உலகத்தைப் பார்த்தாலும் நிறத்தை ஒரே இடத்தில் வெட்டுவதில்லை. பக்கத்தின் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளிதான் முதல் பாடம்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் அடுத்தடுத்து வரும் படக்கதைகளுக்குப் பேர்போனது. 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் இருமொழிப் புத்தகங்களை அச்சிலும் தருகிறது. 2015 முதல் ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் இலவசமாகவும் தருகிறது; யாரும் பதிவிறக்கலாம், அச்சடிக்கலாம், வேறு பேச்சுக்கு மாற்றி எழுதலாம். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் கொடுத்த 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' வரிசைச் சிறு நூல்கள் தமிழில் மட்டும் உள்ளவை. அதனால் என்ன, ஆங்கில வரியைப் பிள்ளைகளே கீழே எழுதிக்கொள்ளலாம்.

இனி சொல்லுக்கு வருவோம். 'பச்சை' என்றால் 'கிரீன்' என்று புத்தகம் சொல்லும். பிள்ளைகளிடம் பச்சை என்று தொடங்கும் சொற்களைக் கேட்டுப் பாருங்கள். பச்சைத் தண்ணி, பச்சைக் குழந்தை, பச்சைப் பொய், பச்சை குத்துவது, பச்சரிசி. பச்சரிசி வெள்ளையாக இருக்கிறது. பச்சைக் குழந்தை பச்சையாக இல்லை. தமிழில் பச்சை என்பது நிறத்தோடு நிற்பதில்லை. வேகாதது, காயாதது, புதுசு எல்லாம் பச்சைதான். ஆங்கிலத்திலும் அனுபவமில்லாதவனைக் 'கிரீன்' என்பார்கள், ஆனால் தண்ணீரை அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆக இரண்டு சொல்லும் ஓர் எல்லை வரை கைகோத்துப் போய்ப் பிறகு பிரிந்துவிடுகின்றன. எந்தச் சொல் தப்பு? இரண்டும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். சொல்லப்போனால் அதற்குச் சிரிப்பு வரும்.

தூலிகா வெளியிட்ட படக்கதை ஒன்றின் நாயகி காமினி, ஒரு பச்சோந்தி. ராதிகா சட்டா எழுத, பிரியா குரியன் வரைந்தது. நிறம் பேச இதைவிட நல்ல பிராணி கிடைக்காது. ஆனால் நம் மொழி அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது பாருங்கள்: பச்சை ஓந்தி. எத்தனை நிறம் மாறினாலும் பெயரில் ஒரே நிறத்தை ஒட்டி அனுப்பிவிட்டோம். போதாததற்கு, கட்சி மாறுகிறவர்களைத் திட்டவும் அதையே எடுத்துக்கொண்டோம். ஓணான் இனத்தின் சார்பில் யாராவது மான நஷ்ட வழக்குப் போட வேண்டும்.

மஞ்சள், சாம்பல், காவி எல்லாம் முதலில் பொருளின் பெயர்கள், பிறகுதான் நிறத்தின் பெயர்கள். பழுப்பு, பழுத்து உதிரப்போகும் இலையிலிருந்து வந்தது. 'பிரவுன்' என்பதற்கு நேராக நம் பாடநூல் பழுப்பைப் போடுகிறது; இலங்கைத் தமிழர் கபிலம் என்றும் மண்ணிறம் என்றும் சொல்கிறார்கள்; ஊரில் ஜனங்கள் 'காப்பி கலர்' என்று முடித்துக்கொள்கிறார்கள். 'ஆரஞ்சு' என்ற சொல்லை ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கினோம். அந்தச் சொல்லே நம் நாரத்தையின் குடும்பத்தில் பிறந்து, வடமொழி, பாரசீகம், அரபி என்று ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பியது என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் இரண்டு தனித்தனிப் பெயர்கள். நாம் இரண்டையும் நீலம் என்கிறோம். தொல்காப்பியம் கறுப்பு, சிவப்பு இரண்டையும் கோபத்தைக் குறிக்கும் சொற்களாகவும் சொல்கிறது, நிறத்தைக் குறிக்கும் சொற்களாகவும் சொல்கிறது. முகம் சிவந்தது என்று இன்றும் பேசுகிறோம். முகம் கறுத்தது என்றும் பேசுகிறோம்.

சித்தேரியில் இந்த விளையாட்டுக்கு இன்னொரு அடுக்கு உண்டு. அரூர்ப் பக்கமிருந்து ஏறும் இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்கிறவர், மலையில் வாழ்கிறவர் என்பதால் வந்த பெயர். கேரளத்துக்கும் மலையாள மொழிக்கும் இதில் சம்பந்தம் இல்லை. கீழ்நாட்டுப் பள்ளிக்குப் போகும் மலைப் பிள்ளை இதைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருக்கிறது. இவர்கள் பேசுவது தமிழ்தான், ஆனால் பாடநூல் பேசும் தமிழ் அல்ல. ஆகவே இருமொழிப் புத்தகத்தின் இரண்டு வரியும் ஓரளவுக்கு இவர்களுக்கு வெளியூர் வரிகளே. செய்ய வேண்டியது சுலபம். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வரிக்கு இடம் விட்டு, "இதை உங்க பாட்டி என்னன்னு சொல்லும்?" என்று கேட்பது. சாமைக்கதிர் முற்றும்போது என்ன நிறம், கேழ்வரகு உலரும்போது என்ன நிறம், மழைக்கு முந்தின வானம் என்ன நிறம் என்று கேட்டால், பன்னிரண்டு கிரேயான் உள்ள பெட்டி போதாது என்று தெரிந்துவிடும். பாட்டி சொன்னதைப் பிள்ளை எழுதி வரட்டும். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள். பேச்சைப் பேசுகிற மாதிரி எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

மலை, கீழ்நாடு என்ற வேற்றுமை இங்கே புத்தக விஷயம் அல்ல. சித்தேரி மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளி மக்களுக்குச் செய்த கொடுமைக்காக, 2011இல் தர்மபுரி நீதிமன்றம் அப்போது உயிரோடிருந்த குற்றவாளிகள் 215 பேரையும் தண்டித்தது. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒன்றாம் வகுப்பில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வகுப்பில் நின்று 'எல்லாரும் சமம்' என்று சொல்லப்போகிற ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளில் சிலரின் தாத்தா பாட்டிக்கு அந்த வாக்கியத்தை நம்புவதில் சிரமம் இருக்கலாம்.

இப்போது தோல். நிறப் புத்தகம் எங்கே தொடங்கினாலும் நம் நாட்டில் கடைசியில் இங்கே வந்து நிற்கும். "சிவப்பா யார் இருக்கா?" என்று கேட்டால் தக்காளியைக் காட்டாமல் பக்கத்துப் பெண்ணைக் காட்டும் பிள்ளை தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. வெளிர்ந்த தோலைச் சிவப்பு என்கிறோம். ஆங்கிலமோ 'ஃபேர்' என்கிறது. அதே சொல்லுக்கு நியாயம் என்றும் பொருள். நாம் மட்டும் குறைந்தவர்களா? செம்மை என்றால் சிவப்பு, செம்மை என்றால் நேர்த்தியும்கூட. இரண்டு மொழியும் ஒரு பக்கம் தராசைச் சாய்த்து வைத்திருப்பதைப் பெரிய பிள்ளைகளுக்கு, நாலாம் ஐந்தாம் வகுப்பில், பக்கத்திலேயே காட்டலாம். 'கலர்' என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. "பொண்ணு நல்ல கலர்" என்றால் உலகத்தில் உள்ள அத்தனை நிறத்திலும் ஒரே ஒரு நிறம்தான். மற்றவை எல்லாம் கலர் இல்லையாம்.

இதெல்லாம் பிள்ளைக்கு எப்போது தெரியும் என்று கேட்டால், நாம் நினைப்பதைவிட முன்னாடியே. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பின உளவியலாளர் தம்பதி 1940களில் மூன்று முதல் ஏழு வயதுள்ள கருப்பினக் குழந்தைகளிடம் பழுப்பும் வெள்ளையுமாக நான்கு பொம்மைகளைக் கொடுத்தார்கள். நிறம் தவிர வேறு வித்தியாசம் இல்லாத பொம்மைகள். எது நல்ல பொம்மை என்றதற்குப் பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் எடுத்துக்காட்டப்பட்டது. நம் ஊரில் பொம்மை வைத்துச் சோதிக்க வேண்டிய தேவைகூட இல்லை. 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பசை, பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 ஆயிற்று.

வகுப்பிலோ வீட்டிலோ ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை "கருவாயா", "அண்டங்காக்கா" என்று கூப்பிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? பெரும்பாலும், "கருப்பும் அழகுதான்டா." நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த 'உம்' என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அழகு வேறு யாருடைய வீட்டிலோ குடியிருப்பதாகவும், கருப்புக்குத் திண்ணையில் இடம் கொடுத்ததாகவும் ஆகிறது. "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பதில் 'இருந்தாலும்' அதே வேலையைச் செய்கிறது. ஆறுதல் சொல்கிற பெரியவர் வாயிலிருந்து வருவதால் இது திட்டைவிட ஆழமாக இறங்கும். இந்த 'உம்'மையும் 'தாலும்'மையும் விட்டுவிட்டுப் பேசப் பழகுவது பெரியவர்களுக்கான வீட்டுப்பாடம். "கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று சொன்ன கிழவி இலக்கணத்தில் நம்மைவிடக் கெட்டி.

நம்மிடம் நல்ல கைச்சரக்கும் இருக்கிறது. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் போதும். கருப்பன், வெள்ளையன், பச்சையம்மாள், நீலா என்று முந்தைய தலைமுறைப் பெயர்கள் அப்பா பெயர், தாத்தா பெயர் வரிசையில் வந்து நிற்கும். கருப்பசாமி இருக்கிறார், பச்சையம்மன் இருக்கிறாள். மலைக்குரிய தெய்வமாகத் தொல்காப்பியம் சொல்லும் சேயோன், சிவந்தவன். காட்டுக்குரிய மாயோன், கருத்தவன். கும்பிடும்போது நிறம் பார்க்காத ஜனம் பெண் பார்க்கும்போது மட்டும் பார்ப்பது ஏன் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் அதற்குப் பதில் சொல்ல நமக்குத்தான் கஷ்டம்.

செய்து பார்க்க ஒன்று. லியோ லியோனி 1959இல் போட்ட ஒரு படப் புத்தகத்தில் நீலப் பொட்டும் மஞ்சள் பொட்டும் சிநேகிதர்கள். கட்டிக்கொண்டதும் இரண்டும் பச்சையாகிவிட, வீட்டார் தங்கள் பிள்ளையை அடையாளம் தெரியாமல் திகைக்கிறார்கள். ரயிலில் பேரப் பிள்ளைகள் படுத்திய பாட்டில், பத்திரிகைத் தாளைக் கிழித்து அவர் சொன்ன கதை அது. நம் வீட்டில் இதற்குத் தாள்கூட வேண்டாம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் துளி சுண்ணாம்பு விடுங்கள். மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை, ஆரத்திச் சிவப்பு. அந்தச் சிவப்பில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். காரமும் புளிப்பும் செய்யும் வேலை. ஒரு பொருளின் நிறம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடும். செம்பருத்திச் சாற்றிலும் சோப்புத் தண்ணியும் எலுமிச்சையும் விட்டுப் பார்க்கலாம். அதை முதலில் நீங்கள் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வாருங்கள், வகுப்பில் மானம் போகாது.

பிறகு கை. கேரன் காட்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் குவாதமாலாவிலிருந்து தத்தெடுத்த தன் மகளுக்காக 1999இல் ஒரு புத்தகம் செய்தார். அதில் ஒரு சிறுமி, பழுப்பு என்பது ஒன்றல்ல, பல என்று அம்மாவோடு தெருவில் நடந்தபடி கண்டுபிடிக்கிறாள். ஒவ்வொருவர் தோலுக்கும் ஒரு தின்பண்டத்தின் பெயர் வைக்கிறாள். சித்தேரியில் தேன், புளி, கருப்பட்டி, கேழ்வரகுக் களி என்று பெயர் வைக்கலாம். இங்கே மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. கிண்டல் பெயராக ஏற்கெனவே புழங்கும் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். யார் நிறத்துக்கும் அடுத்தவர் பெயர் வைக்கக் கூடாது. தன் கைக்குத் தானே வைக்க வேண்டும். முதல் கை ஆசிரியருடையதாக இருக்கட்டும். வெளுத்ததிலிருந்து கருத்தது வரை என்று கைகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது ஏணி ஆகிவிடும். சிவப்பு, மஞ்சள், கருப்பு, வெள்ளை என்று நாலே சாயத்தைக் கொடுத்து உள்ளங்கை, புறங்கை, முழங்கை மூன்றுக்கும் நிறம் கலக்கச் சொல்லுங்கள். ஒரே ஆளுக்கே மூன்று நிறம் வேண்டியிருக்கும். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ஒரு பையன் இலையைச் சிவப்பாகவும் மிளகாய்ப் பழத்தைப் பச்சையாகவும் தீட்டினால் உடனே மக்கு என்று முடிவு கட்ட வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். வெளியே ஒன்றும் தெரியாது, பிள்ளைக்கே தெரியாது. நிறப் புத்தகம் வாசிக்கும்போதுதான் பல வீடுகளில் இது முதலில் வெளிப்படும். கண் மருத்துவரிடம் காட்டுங்கள், உட்காரும் இடத்தையும் வண்ணப் பென்சிலில் ஒட்டிய பெயரையும் பார்த்துச் செய்யுங்கள், அவ்வளவுதான். அறவே பார்வை இல்லாத பிள்ளைக்கு நிறம் எதற்கு என்று நினைப்பவர்கள் வெனிசுவேலாவின் மெனேனா கோட்டினும் ரோசானா ஃபரியாவும் 2006இல் செய்த புத்தகத்தைத் தேடிப் பார்க்கலாம். பக்கமெல்லாம் முழுக் கருப்பு. படங்கள் விரலால் தடவிப் பார்க்கும்படி புடைத்திருக்கும், கூடவே பிரெய்ல் எழுத்து. நிறங்களை ருசியாலும் மணத்தாலும் தொடுகையாலும் சொல்லும் புத்தகம் அது. கண் தெரிந்த பிள்ளைகள்தான் அதில் திணறுவார்கள்.

வாசிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வரி, ஆங்கில வரி, தமிழ் வரி, ஆங்கில வரி என்று பல்லாங்குழி மாதிரி மாற்றி மாற்றிப் போட்டால் கதை செத்துவிடும். ஒரு நாள் முழுக்கத் தமிழில் வாசியுங்கள். இரண்டு நாள் கழித்து அதே கதையை ஆங்கிலத்தில். கதை தெரிந்திருப்பதால் பிள்ளை பயப்படாது. பரீட்சை வேண்டாம், "இது என்ன கலர்?" என்று விரலை வைத்துக் கேட்பதும் பரீட்சைதான்.

வண்ணத்தில் அச்சடிக்கக் காசு இல்லாத பள்ளிகள்தான் அதிகம். நிறப் புத்தகத்தைக் கருப்பு வெள்ளையில் நகல் எடுத்துக் கொடுப்பது அபத்தமாகத் தோன்றும். உண்மையில் அதுதான் வசதி. பிள்ளைகளே தீட்டிக்கொள்வார்கள், மூன்றாவது வரியையும் அவர்களே எழுதிக்கொள்வார்கள். கிரேயான் மட்டும் தாராளமாகக் கொடுங்கள். அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் 'சதை' என்ற பொருளில் பெயர் வைத்திருந்த வெளிர்நிறக் கிரேயானின் பெயரை 1962இல் மாற்றியது; 2020இல் மனிதத் தோலுக்கென்றே 24 நிறங்கள் கொண்ட பெட்டியைக் கொண்டுவந்தது. நம் கடையில் வாங்கும் பெட்டியில் 'ஸ்கின்' என்று எழுதிய ஒன்று இன்னும் இருந்தால், பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் அதைச் சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்துவிடுங்கள்.